நாற்பத்தொன்றாம் கேள்வி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் மாணவர்களின் பொய்களைக் கேட்டுச் சலித்தவன் நான். புதிதாக ஒன்றைப் புனைய வேண்டிய தேவை எனக்கில்லை. நம்ப விரும்பாதோர் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

காட்டுச்செடிகளை இனங்காண்பது எனக்கும் என் தங்கையின் கணவருக்கும் ஓய்வுக்காலப் பழக்கம். அவர் வனக்காவலராக இருந்தவர். மூவரும் ஒரே வீட்டில் வசிக்கிறோம். எங்களிடமுள்ள வட்டாரத் தாவர வழிகாட்டி நூல் கேள்விகளால் ஆனது. ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்விக்கு இட்டுச்செல்லும். இறுதியில் பெயர் வரும். செடியைப் பார்ப்பவன் நூலையும் பார்த்தால், தான் விரும்பிய பெயருக்கேற்ப விடையை வளைத்துவிடுவான். ஆதலால் நான் கூடத்தில் உருப்பெருக்கியுடன் அமர்வேன். அவர் திரைக்கு அப்பால், உள்ளறையில் அமர்ந்து வாசிப்பார்.

அன்று என் தங்கை, வேலியோரச் செடியொன்றைக் கீரையென்று எண்ணிச் சமைத்து உண்டுவிட்டாள். நாங்கள் வெளியிலிருந்து திரும்பியபோது அவளுக்கு நாக்குக் குழறியது. மாலை 4.10க்கு மாப்பிள்ளை அவளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். 4.38க்குத் தொலைபேசி ஒலித்தது. செவிலியர் பேசினார்.

"என்ன செடின்னு தெரியாம மருந்து குடுக்க முடியாது சார். அரை மணிக்குள்ள சொல்லுங்க."

அடுக்களையில் எஞ்சியிருந்த தண்டைப் பூவுடன் எடுத்துவந்து மேசைமீது வைத்தேன். அச்சம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. நூலை எடுக்க எழுந்தேன்.

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஒன்று. இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா?"

மாப்பிள்ளை பின்வாசல் வழியாகத் திரும்பியிருக்க வேண்டும். விடை சொன்னேன்.

"அவ எப்படி இருக்கா மாப்பிள்ளை?"

"ஏழு. தண்டில் மயிர் உண்டா?"

பக்கம் புரளும் ஓசை கேட்கவில்லை...

"பதினெட்டு. பூக்கள் மணி வடிவில் இருக்கிறதா?"

"இருக்கின்றனவா! ஒழுங்கா வாசிங்க."

எப்போதும், "செடி கோவிச்சுக்காது மச்சான்" என்பார். அன்று சொல்லவில்லை. அதே வாக்கியம் மீண்டும் வந்தது. அதே சுருதியில். அதே பிழையுடன்.

4.56. பெயர் வந்தது. அதை இங்கு எழுத மாட்டேன். தேடிப் பறிக்கும் அறிவாளிகள் உங்களிலும் இருப்பார்கள். உடனே மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

குரல் நிற்கவில்லை.

"நாற்பத்தொன்று. தின்றவர் ஒருவரா, இருவரா?"

நூலில் கேள்விகள் நாற்பதே.

"விளையாடற நேரமா இது?"

டொக்... டொக்... விரலால் நாற்காலியைத் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

"ஒருவரா, இருவரா?"

"ஒருத்தர்! போதுமா?"



5.03. திரையை விலக்கினேன்.

நாற்காலி காலி.

பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

5.40க்கு மாப்பிள்ளை மருத்துவமனையிலிருந்து அழைத்தார்.

"பொழைச்சுட்டா மச்சான்! புத்தகம் இங்க என் பையில இருக்கு. அவசரத்துல கண்ணாடிய விட்டுட்டேன், ஒரு எழுத்துகூடத் தெரியல. புத்தகம் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"



மறுநாள் காலை 9.20க்குத் தங்கைக்குப் பேச்சுத் தெளிந்தது.

"அண்ணா, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேனே... அவங்க எப்படி இருக்காங்க?"

தனியாக வாழ்ந்தவர். கதவை உடைத்தோம். எங்கள் உள்ளறைச் சுவரின் மறுபுறம், தரையில் கிடந்தார். வலக்கையின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

உயிர் பிரிந்தது முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் என்றார் மருத்துவர்.