குஞ்சுகளுக்கு நான் தேர்ந்தெடுத்த சிலிண்டர்

கனடாவின் வின்னிபெக்கில் எங்கள் வீட்டுக்கு வெப்பம் தரையிலிருந்து வருகிறது. நெருப்பு கண்ணில் படாது. தரையில் பதித்த கம்பித்தட்டு வழியே யாரோ மூச்சு விடுவதுபோலக் கணுக்காலைத் தொடும், அவ்வளவுதான். காலுறையை அதன்மேல் விரித்துவிட்டுக் காபி குடிப்பேன். வெளியே கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். உள்ளே நான் அரைக்கைச் சட்டையில். குளிரைத் தாங்குகிறவன் என்று சொந்த ஊர்ப் பக்கம் எனக்கொரு பெயர் உண்டு. உண்மையில் தாங்குவது அந்த வீடு.

இந்த மார்கழியில் மதுரைக்கு வந்தபோது அந்தப் பெயர் எனக்கு முன்பே பக்கத்துத் திருவாதவூர் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை செல்வியும் அவள் கணவர் முருகேசனும் அங்கே கறிக்கோழிக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அடுத்தவர் வயலிலேயே உழைத்து ஓய்ந்த குடும்பத்துக்குச் சொந்தமான முதல் நிலம். முதல் பேட்ச் தேறினால்தான் கோழிக் கம்பெனி அடுத்த பேட்ச் குஞ்சு கொடுக்கும். பொரித்து வந்த குஞ்சுகளுக்குத் தாயின் சிறகு கிடையாது. கூரையிலிருந்து தொங்கும் கேஸ் ஹீட்டர்தான் தாய். புரூடர் என்கிறார்கள். மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாதென்று இரண்டு வாங்கிவிட்டார்கள். சிலிண்டரும் கேஸ் போகும் ஹோஸும்தான் பாக்கி.

மதுரைக் கடையில், "பெருசா, சிறுசாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். முருகேசன் என்னைக் கைகாட்டினார்.

"எங்க மச்சான்ட்ட கேளுங்க. மைனஸ் நாப்பதுல இருக்காக."

"அம்புட்டுக் குளிரா! ஃப்ரிட்ஜுக்குள்ளயா குடியிருக்கீக?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் கொஞ்சம் வளர்ந்துவிட்டேன். அங்கே உறைந்த ஏரிமேல் கூடாரம் போட்டு மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் குட்டிச் சிலிண்டர், குட்டி ஹீட்டர். "சின்னதே போதும் மாப்ள. அந்தக் குளிருக்கே அதான்" என்றேன். சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும் என்று ஹோஸையும் நீளமாக, மெல்லியதாக வாங்கச் சொன்னேன். தெரியாது என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது.

அன்று மாலை சிலிண்டரை மாட்டினோம், குஞ்சுகளும் வந்திறங்கின. மறுநாள் விடியலில் தூறல். சிலிண்டரின் அடிவயிறு வியர்த்து, அதன்மேல் மெலிதாக வெண்பனி பூத்திருந்தது. நான் விட்டுவிட்டு வந்த நாடு என்னைத் தேடி வந்து நிற்பதுபோல இருந்தது. கொட்டகைக்குள் சிவந்து கனல வேண்டிய புரூடரின் ஓரத்தில் நீலமாக ஒரு நூல் எரிந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன. அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து வாயுவாகத் தன் உடம்புச் சூட்டையே செலவழிக்கிறது. இரண்டு ஹீட்டர்கள் இடைவிடாமல் உறிஞ்சினால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். மிச்சமிருக்கும் அழுத்தத்தை நீளமான மெல்லிய ஹோஸ் தின்றுவிடும். ஏரிக்காரர்கள் எரித்தது வெறும் புரொப்பேன். கடுங்குளிரிலும் அது லேசில் அடங்காது. இங்கே பியூட்டேனும் கலந்திருக்கிறது, அது குளிர்ந்தால் சட்டென்று அடங்கிவிடும். மணிக்கு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்று ஒவ்வொரு புரூடரின் தகட்டிலும் அச்சடித்திருந்தது. இரண்டையும் கூட்டி, அதற்கேற்ற சிலிண்டரையும் ஹோஸையும் பார்த்திருக்க வேண்டும். நான் அந்தத் தகட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் பிற்பாடு, கைப்பேசியில் படித்துத் தெரிந்துகொண்டது.

முருகேசன் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு வாடகைக்குத் தரும் பந்தல்காரர் ஒருவரிடமிருந்து பெரிய சிலிண்டரையும் தடித்த, குட்டையான ஹோஸையும் வாங்கிவந்து மாட்டினார். புரூடர் சிவந்தது. குவியல் மெல்லப் பிரிந்தது. அடியிலிருந்தவை மட்டும் பிரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு சொல்லிப்பா குட்டிச் சிலிண்டரப் போட்டீக?"

வாயைத் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் ஊருக் குளிரு வேறண்ணே. நம்ம ஊருக் குளிரு அதுக்கு எப்படித் தெரியும், பாவம்."

அன்பாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் அண்ணனாகவே நின்றிருப்பேன். மன்னித்த கையோடு என்னை வேறொரு ஊருக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஊர் என்ன சொல்கிறது? போன குளிர்காலத்தில் வின்னிபெக்கில், இரவெல்லாம் காரின் எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்வயரைச் சொருக மறந்து, கார் கிளம்பாமல் நின்றேன். பக்கத்து வீட்டு டேவ் வந்து உதவினார். "மறந்துவிட்டேன், என் தப்பு" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "பரவாயில்லை, நீ வெப்ப நாட்டுக்காரன், உனக்கு எப்படித் தெரியும்?" என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி வயரைக் காட்டி விளக்கினார். தெரியும், மறந்துதான் போனேன் என்று மறுபடி சொன்னேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். தப்பைக்கூட என் தப்பாக வைத்துக்கொள்ள இரண்டு ஊரும் விடவில்லை.

செத்த குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அள்ளினோம். புதைக்க மண்வெட்டியை எடுத்தேன். முருகேசன் மெதுவாக வாங்கிக்கொண்டார். "விடுங்க மச்சான். ஷூவெல்லாம் சகதியாயிரும்."

அவரும் செல்வியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனார்கள். நான் கொட்டகை வாசலில் நின்றேன். உள்ளே போனால் இப்போதுதான் அமர்ந்த குஞ்சுகள் மிரளும். வெளியே போனால் அவர்கள் என்னை அழைக்காமல் தோண்டும் பள்ளம். புரூடர் முகத்தைச் சுட்டது. தூறல் முதுகை நனைத்தது. எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தேன்.