தண்ணீர் ஊற்றுகிற வேலை

எனக்கு முதன்முதலில் கிடைத்த வேலை தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். சிவகாசிக்கு மேற்கே ஒரு வெடிக் கம்பெனியில் என் தாய்மாமா போர்மேனாக இருந்தார். அவர்தான் என்னைக் கூட்டிப் போய், பேப்பரைச் சுருட்டி வெடிக்குக் குழாய் செய்கிற கொட்டகையில், செட் என்பார்கள், விட்டார்.

அங்கே எங்கள் தெருப் பெண்களும் இருந்தார்கள், கீழத்தெருப் பெண்களும் இருந்தார்கள். தண்ணீர்ப் பானை ஒன்றுதான். நாங்கள் மோந்து குடிப்போம். கீழத்தெருக்காரர்கள் பானையைத் தொடக் கூடாது. அவர்கள் தள்ளி நின்று குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக்கொள்வார்கள். நான் செம்பில் மோந்து, செம்பு அவர்கள் மேல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுச் சிந்த மாட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு, பேசாமல் செய்கிற வேலை அமைந்ததே என்று.

குழாய் சுருட்ட வெளிதேசத்துப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். ஒரு நாள் பிரித்த கட்டில் ஒரு படம். ஏதோ கடை. கறுத்த முகத்துப் பிள்ளைகள் வரிசையாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பையன் குவளையை உயரத் தூக்கி ஒரு பெண்ணின் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். என் வேலையைப் பார்க்கிறவன் அங்கேயும் ஒருத்தன் இருக்கிறானே!

படத்தை எடுத்துக்கொண்டு கீழத்தெரு அக்காவிடம் ஓடினேன். இப்போது அக்கா என்று எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவளை அப்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் என்னைத் தாயி என்பாள்.

"இங்க பாரு, இவளுக்குக் கையக் குவிக்கத் தெரியல. தண்ணி பூரா தலையிலதான் ஊத்துது" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். "என்ன எழுதியிருக்குன்னு ஒங்க மாமாட்டக் கேளு தாயி."

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். தெரியும் என்பது ஊருக்கும் தெரிய வேண்டும் அவருக்கு. செட்டுக்கு நடுவே நின்று வரி வரியாகப் படித்துச் சொன்னார். அமெரிக்காவில் கறுப்பு சனங்கள் வெள்ளைக்காரர்களோடு சரிசமமாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாதாம். இந்தப் பிள்ளைகள் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். அடித்தார்கள், தலையில் கண்டதையும் ஊற்றினார்கள், ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். திருப்பி அடிக்கவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. மறுநாள் வேறு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். இன்னோர் ஊரில், எழுந்து இடம் கொடு என்று சொல்கிற பஸ்ஸே வேண்டாமென்று வருஷம் பூராவும் வேலைக்கு நடந்தே போனார்களாம், அத்தனை சனமும்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுசங்களா இவனுக? உக்காந்திருக்க பிள்ள தலையில ஊத்துறானுகளே!" எங்கள் தெருப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சமயம் கீழத்தெருப் பெண்களில் யாரோ தாகம் என்றார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏ புள்ள, அவளுக்குத் தண்ணி ஊத்து" என்றார்.

"அந்தக் கடைக்காரன் கடைசியில சோறு போட்டானாய்யா?" என்று கேட்டாள் அக்கா.

"போடாம? யாவாரம் படுத்துருச்சுல்ல!"

மறுநாள் காலையில் கீழத்தெருப் பெண்கள் யாரும் வேலையில் உட்காரவில்லை. பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முன்னால். "நாங்களே மோந்து குடிக்கோம். இல்லைன்னா குழாய் உருட்டல."

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது. மாமாவுக்கு முகம் சிவந்தது. "எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு வேற ஆளு வைக்க எம்புட்டு நேரமாகும்?" அக்காவின் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. அது எல்லோருக்கும் தெரியும். அவள் அசையவில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "மகாராணிகளுக்குத் தங்கச் செம்பு வேணுமாக்கும்" என்றாள்.

"மண்பானையே போதும் மதினி" என்றாள் பின்னால் இருந்த கீழத்தெருப் பெண். முறை வைத்துக் கூப்பிட்டதில் எங்கள் தெருக்காரிக்கு மூச்சே நின்றுவிட்டது.

மாமா என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, ஊத்து. கைய நீட்டாம எங்க போவாளுக?"

செம்பைத் தூக்கினேன். அக்கா கையை மடியில் வைத்திருந்தாள். நான் காத்திருந்தேன்.

"ஊத்துங்கிறேன்ல!"

ஊற்றினேன். உச்சந்தலையில் விழுந்து, நெற்றி வழியாக, கண் வழியாக, தாடையிலிருந்து சொட்டியது. எங்கள் பக்கம் யாரோ "அடப் பாவி" என்றார்கள். என்னையா மாமாவையா, தெரியவில்லை. அக்கா துடைக்கவில்லை. எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"செம்புல இன்னும் இருக்கா தாயி? ஊத்து."

வெயிலுக்கு இதமாக இருக்கிறது போல, அதனால்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். மிச்சத்தையும் ஊற்றினேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அன்றைக்கு முழுக்க உள்ளே வரவில்லை.

மூன்று நாள் அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் எங்கள் தெருப் பெண்களிலும் இரண்டு பேர் சுருட்டாமல் பேப்பரைக் கீழே வைத்தார்கள். குழாய் இல்லாமல் வெடிமருந்து அடைக்கிறவர்கள் சும்மா இருந்தார்கள். நாலாம் நாள் மாமா வாசலில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "மோந்து குடிச்சுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் அக்கா மோந்தாள். குடித்து முடித்துச் செம்பை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு என் வேலைக்கு வேலை இல்லை. என்னையும் குழாய் உருட்டச் சொல்லி, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் தப்பாக உருட்டியதையெல்லாம் அவள் வாங்கிப் பிரித்துத் திரும்பச் சுருட்டிக் கொடுப்பாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிந்தாமல் பார்த்த என் வேலையைப் பிடுங்கிவிட்டாளே என்று, அந்தத் தீபாவளி தாண்டியும் அவள் மேல் கோபமாகவே இருந்தேன்.