ஐந்தாவது வட்டம்

சிதம்பரம் ரயில் நிலையத்தில் நடைமேடையின் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. வண்டி நின்றால் பெட்டிகள் அந்த இடம் வரை வராது. அதனால் பயணிகள் யாரும் அங்கே உட்காருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஆறேழு பேர் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் அதைப் பிடித்துக்கொள்வோம். எல்லோருமே குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். பாடப் புத்தகத்தை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பதுதான் வேலை. சென்னை வண்டி வரும்போது சத்தத்தில் எதுவும் கேட்காது. அது போகும் வரை வாயை மூடிக்கொண்டு இருப்போம்.

கூட்டத்தை நடத்தியவர் என் கணவர். எங்கள் பக்கம் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமா குமராட்சிப் பக்கத்து ஆள். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டுப் போகிற ஊர். அந்த ஊரில் அரசாங்க வேலை என்றால் தண்ணீர் ஏறாத மேட்டில் ஒரு வீடு என்று பொருள். அவர் புவனகிரியில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தார். நான் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மற்றவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் போட்ட கையோடு எங்களுக்கும் போட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் தேர்வு எழுதுகிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தில் போய்விடும். நான் சொல்ல வருகிற தேர்வு அவருக்குக் கடைசி. அடுத்தது வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். எனக்கு இன்னும் சில வருஷங்கள் மிச்சம் இருந்தன. ஆகவே அந்த வருஷம் வீட்டில் மாமா படித்தார், நான் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு சமைத்தேன்.

பொது அறிவு என்று அதற்குப் பெயர். அதில் பொதுவும் இல்லை, அறிவும் இல்லை என்று எரிச்சலில் பல தடவை நினைத்திருக்கிறேன். பிச்சாவரத்தில் இருப்பது என்ன காடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அலையாத்திக் காடு என்று சொல்வோம். எங்களில் பாதிப் பேர் அங்கே போனது கிடையாது, பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளம் வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர் அந்தப் பக்கம் நகர்வதற்குள் மாமா என் காதில், "சோடா உப்போட வேதிப் பேரு?" என்றார். சோடியம் பைகார்பனேட் என்று நான் சொன்னதை எதிர் இலைக்காரர் வேறு என்னவோ என்று நினைத்துத் தன் அப்பளத்தை ஒதுக்கி வைத்தார்.

பெஞ்சில் மாமா வைத்த விதி ஒன்றுதான். தெரியாவிட்டால் தெரியல என்று சொல்லிவிட வேண்டும். ஊகித்துச் சொல்லி அது சரியாகவே இருந்தாலும் மார்க் கிடையாது. ஏன் அந்த விடை என்று கேட்பார், முழித்தால் சுழி. தெரியல என்று சொன்னவர் அடுத்த ஞாயிறு அந்த விடையைத் தேடிக்கொண்டு வந்து முதல் ஆளாகச் சொல்ல வேண்டும். சொன்னால் முழு மார்க்.

"குருட்டுப் பூன விட்டத்துல பாய்ற மாதிரி பாயக் கூடாது. தெரியலன்னா தெரியல. அதுல இன்னா வெக்கம்?" என்பார்.

விதி நல்ல விதிதான். தெரிந்த மாதிரி நடித்துக்கொண்டு படிப்பதால்தான் பலர் வருஷக்கணக்கில் எழுதுகிறார்கள். ஆனால் காடாம்புலியூரிலிருந்து வரும் நண்பருக்கு அது ஆகவே ஆகாது. முந்திரித் தோப்புக்காரர், மாமாவோடு கல்லூரியில் படித்தவர், அவரை மச்சான் என்று கூப்பிடுவார். 'இவை அனைத்தும்' என்று ஒரு விடை இருந்தால் அதைச் சொல்வார். இல்லாவிட்டால் C. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே C என்று சொன்ன நாட்களும் உண்டு.

"மச்சான், தெரியலன்னு சொல்றதுக்கு நா எதுக்கு காடாம்புலியூர்லேர்ந்து பஸ் ஏறி வரணும்? ஊட்ல படுத்துக்குனே சொல்லிருப்பனே."

"நீ சொல்லு. ஆனா C-ன்னு சொல்லாத."

"நீ ஜாஸ்தி பண்ற மச்சான்," என்று சிரித்துவிட்டுப் பையிலிருந்து வறுத்த முந்திரியை எடுத்து நீட்டுவார். அவரை யாராலும் கோபித்துக்கொள்ள முடியாது.

தேர்வுத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் விடைத்தாளில் ஐந்து வட்டங்கள். முதல் நான்கும் விடைகள். ஐந்தாவதான E-க்கு 'விடை தெரியவில்லை' என்று பெயர். எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால் மார்க்கைக் குறைப்பார்கள். காலியாக விட்டதைப் பின்னால் யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் தப்பான விடைக்கு மார்க் குறையாது. ஆகவே கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் யாரும் E-யைத் தொடமாட்டார்கள். ஏதோ ஒன்றை நிரப்பினால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பாவது உண்டு, E-க்கு அதுவும் கிடையாது. எல்லாம் முடிந்ததும் எந்த எழுத்தை எத்தனை தடவை நிரப்பினோம் என்று எண்ணித் தாளிலேயே எழுத வேண்டும். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாதா? எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பெஞ்சில் தெரியல, ஹாலில் C என்று அவரே தமாஷாகச் சொல்வார்.

தேர்வு கடலூரில். மஞ்சக்குப்பம் பக்கம் இரண்டு பள்ளிகளில் எனக்கும் அவருக்கும் இடம் விழுந்திருந்தது. விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்துப் போனோம். புதுச்சத்திரம் தாண்டும் வரை சட்டப் பிரிவுகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். நிதிக்குழு, இருநூற்று எண்பது. அடிப்படைக் கடமைகள், ஐம்பத்தொன்று A. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "வாத்தியாருங்களா?" என்றார். நான் ஆமாம் என்றேன். மாமா இல்லை என்றார்.

மத்தியானம் வெளியே வந்ததும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். தேர்வு முடிந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே விடைகளை ஒப்பிடுவது எங்கள் பழக்கம். வெயிலில் மணல் சுட்டது. கரையில் ஏற்றியிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்தோம். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் போட்டதைச் சொன்னார். தெரிந்ததையெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். ஒரு கேள்விக்கு, "தெரியல," என்றார்.

"சரி, இன்னா போட்டீங்க?"

"அதான், தெரியல."

அடுத்த பக்கத்திலும் அப்படி ஒன்று வந்தது. பிறகு இன்னும் சில.

"மாமா, E-யா போட்டீங்க?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை போயிட்ச்சி," என்றார். "ஒண்ணொண்ணா போடும்போது தோணவே இல்ல. கடைசில எண்ணி எழுதணும்ல, அப்பதான் தெரிஞ்சிது. பேனால போட்டது, அழிக்கவா முடியும்?"

எத்தனை என்று கேட்டேன். சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் தெரியாததைத் தெரியல என்று சொல்லிப் பழகியவர். பழகிய நாக்கோடு கையும் பழகிவிட்டது. இது எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் வரக்கூடிய வியாதி, அதுவும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆளுக்குத்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தது, சாதாரணக் கோபம் இல்லை. கேள்வித்தாளைச் சுருட்டி அவர் முதுகில் ஒன்று வைத்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வை," என்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ.

ரிசல்ட் வந்தது. காடாம்புலியூர் நண்பருக்குக் கிடைத்துவிட்டது. மாமாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. நண்பர் முந்திரிப் பருப்போடு வீட்டுக்கு வந்தார், வாசலிலேயே நின்றுகொண்டு, "மச்சான், நா C-ன்னுதாண்டா போட்டேன்," என்று சொல்லிவிட்டு அழுதார். மாமாதான் அவரைத் தோளில் தட்டி உள்ளே கூட்டி வந்து காப்பி கொடுத்தார்.

குமராட்சியில் கதை வேறு மாதிரி பரவியது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய உத்தமன் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மாமாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "நேர்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. மறதி," என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார். யாரும் நம்பவில்லை. நேர்மையால் தோற்றவன் என்றால் ஊர் தாங்கிக்கொள்ளும், மறதியால் தோற்றவன் என்றால் திட்டும். திட்டு வாங்கவே அவர் ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் அவர் கடைக்குப் போன பிறகு விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்த்தேன். அவர் E போட்ட இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு C போட்டிருந்தால்? வேலை கிடைத்திருக்கும். தாளை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் அவராகவே, "C போட்டிருந்தா கெடச்சிருக்கும். நானும் பாத்தேன்," என்றார். பிறகு ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அவருக்கு இனி தேர்வு இல்லை. ஞாயிறு காலை வழக்கம்போல எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு, ஸ்டேஷனுக்கு நேரமாச்சி," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்காகத்தான். அடுத்த தேர்வு வரை பெஞ்சை அவரே நடத்தினார். விதி அப்படியே இருந்தது, கடைசியில் மட்டும் ஒன்றைச் சேர்த்தார். வீட்டுக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம், யாருக்கும் தெரியாத கேள்வியாகத் தேடிப் பிடித்துக் கேட்பார். நாங்கள் யோசிக்காமல் C என்று கத்த வேண்டும். யாராவது வாய் தவறி தெரியல என்றால் அவருக்கு முகம் சிவந்துவிடும். வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

என் தேர்வன்று பள்ளி வாசலில் நின்றிருந்தார். நான் வெளியே வந்ததும் கேள்வித்தாளைக் கேட்கவில்லை.

"E-ல எத்தன?"

"சுழி."

"எல்லாம் தெரிஞ்சிடுச்சா உனக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்தது. கடலூரில் ஒரு அலுவலகம், இளநிலை உதவியாளர். சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். பெஞ்சு இருக்கும் கோடியை இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அங்கே வேறு பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து தன் மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டு அம்மா, "அடுத்த வாரம் வாங்க," என்றார். அவருக்கும் தெரியாது. இரண்டொரு நாளில் நானும் அதைக் கற்றுக்கொண்டேன். மாமாவிடம் சொன்னபோது, "அப்ப அங்கயும் C தானா?" என்றார். அதிலிருந்து சாயங்காலம் ஸ்டேஷனுக்கு பைக் எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம், "இன்னிக்கி C எத்தன?" என்று கேட்பார். நான் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வேன். அதுவும் குருட்டடிதான்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். பரங்கிப்பேட்டைப் பக்கம். தன் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டார். அடுத்த வாரம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தெரியலங்க," என்று வந்துவிட்டது. அன்றைக்கு என் நாக்கு போய்விட்டது, அவ்வளவுதான்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப பாத்து சொல்லும்மா," என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போகவே இல்லை. வேறு வழியில்லாமல் எழுந்து போய் மேஜை மேஜையாகத் தேடினேன்.

சாயங்காலம் மாமா கேட்டார். "இன்னிக்கி C எத்தன?"

"இன்னிக்கி ஒருத்தர்கிட்ட தெரியலன்னு சொல்லிட்டேன் மாமா."

வண்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்தினார். "அப்பறம்?"

"உக்காந்துட்டாரு. தேடிக் கண்டுபுடிச்சி சொன்னேன். மேல் ஆபீசுக்குப் போயிருக்கு."

"நீயே தேடிச் சொன்னியா?"

"நாந்தான்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

"அப்ப முழு மார்க்கு," என்றார்.

அவருக்கு அந்த மார்க்கை யாரும் போடவில்லை. நான் வாங்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.