புல் வரையாத கார்டு

என் வீட்டுக்காரருக்கு அடி வாங்குவதில் நல்ல அனுபவம். அப்பா பெல்ட்டால் விளாசுவாராம். கணக்கு வாத்தியார் டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் விரல் முட்டியில் போடுவாராம். முதன்முதலில் வேலைக்குப் போன கம்ப்யூட்டர் கடையில், ஒரு கார்டைக் கருக்கிவிட்டார் என்று முதலாளி அதே கார்டால் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். அன்று கிழிந்த காது மடல் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. இத்தனைக்கும் மனுஷன் ஒருவரைக்கூடத் திருப்பி அடித்ததில்லை. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கேட்டு எனக்குப் பரிதாபம் வந்தது. போகப் போக எரிச்சல்தான் வந்தது.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. கம்ப்யூட்டர் திரையில் படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு; பழுதான அந்தக் கார்டுகளுக்கு உயிர் கொடுப்பது தொழில். விசிறியில் அப்பிய தூசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கடுகைவிடச் சின்னப் பாகங்களைச் சூடு காட்டிக் கழற்றி, பற்றவைத்து மாட்டுவார். கை ஒரு இம்மி நடுங்காது. புதுசு வாங்கலாமா என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. கேம் ஓடுகிறதா, ஓடினால் போதும், தண்ணீரில் நிலா ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்குப் போ என்பார். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்ததும் யாரோ தூக்கிப்போட்ட கிழட்டுக் கார்டுதான்.

என் தம்பி இதற்கு நேர் எதிர். மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கிறான், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், மூக்குக்கு மேல் கோபம். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி விட்டு வளர்த்தவள் நான். சந்தைக்கு வந்த புத்தம்புதுக் கார்டை அவன் ஆசைப்பட்டு வாங்கி மாட்டினான். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினான். குட்டையில் தெருவிளக்கு மின்னியது, சுடப்பட்டவனின் ரத்தம் படிக்கட்டில் வழிந்து அதிலும் வெளிச்சம் பளபளத்தது, புல் ஒவ்வொரு இழையாகக் காற்றில் சாய்ந்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. இவர் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டுப் பேர் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் எதிர்ப் பக்கம். தம்பியும் இவரும் எப்போதும் எதிரெதிர்தான். புதுக் கார்டு வந்ததிலிருந்து தம்பி செத்துக்கொண்டே இருந்தான். இடுப்பளவுப் புல்லுக்குள் குப்புறப் படுத்து, மூச்சு விடாமல் காத்திருப்பான். எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து மண்டையைப் பிளக்கும். சுட்டது யார் என்று திரையில் இவர் பெயர் வரும். நாலு மாதம் இதே கதை. கூட ஆடியவர்கள் அவனுக்குப் 'பிணம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாமா ஏதோ கள்ளப் புரோகிராம் போட்டு ஆடுகிறார் என்று அவன் என்னிடம் போனில் கத்துவான். நான் இவரிடம் கேட்டால், அப்படியெல்லாம் இல்லை என்று சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே மணி நேரத்தில் ஒன்பது தடவை செத்தான். ஒன்பதாவது தடவை மவுஸை வீசிவிட்டு, பஸ்ஸின் சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். எங்கள் கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் எட்டி உதைத்தான்.

இவர் நாற்காலியிலிருந்து திரும்புவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தலையை அலமாரியில் மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மேல்தட்டிலிருந்த கார்டுகள் சடசடவென்று இருவர் மேலும் கொட்டின. இவர் புருவம் பிளந்து, ரத்தம் கண்ணை மறைத்தது. மேசையைத் தடவிய இடது கைக்கு, பற்றவைக்கச் சூடேற்றி வைத்திருந்த சால்டரிங் அயர்ன் அகப்பட்டது. பிறந்ததிலிருந்து யாரையும் அடிக்காத மனுஷன், அதை என் தம்பியின் கழுத்தில் வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. தோல் பொசுங்கும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. தம்பி அலறிக்கொண்டே ஸ்பானரை ஓங்கினான். அது மேசை விளிம்பைப் பிடித்திருந்த இவருடைய வலது கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கு வாசலில் கேட்டது.

இரண்டாவது தடவை ஓங்கினான். நான் உள்ளே ஓடி, கையில் கிடைத்த கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்புத் தகட்டை எடுத்து அவன் தலையில் போட்டேன். காதுக்குப் பின்னால் பிளந்து ரத்தம் கொட்டியது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அப்போது எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, இன்னொன்று போடத்தான் கை துடித்தது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எதிரே இவருடைய திரை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதில் மொட்டைத் தரை. பச்சைப் பெயிண்ட் அடித்த சிமெண்டுத் தளம்போல வழவழவென்று கிடந்தது. அதன் நடுவே ஒருவன் காலைப் பரப்பிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான்.

"மாமா, அவன் எதுக்கு வெட்டவெளியில படுத்திருக்கான்?"

"புல்லுக்குள்ளதான் படுத்திருக்கான் மாப்ள. அவன் கம்ப்யூட்டர்ல புல்லு இருக்கு. என் கார்டு பழசு, புல்லெல்லாம் வரைய அதுக்குத் தெம்பு இல்ல. நிறுத்தி வச்சிருக்கேன்."

"அப்ப நானும் இப்படித்தான் கெடந்தனா?"

இவர் நசுங்கிய கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் நோட்டோடு வந்துவிட்டார். இரண்டு விரல் எலும்பு தூளாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கேஸ் என்று ஒன்று எழுதிவிட்டால் என் தம்பி உள்ளே போவான். வெளியே வந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பஸ்ஸை அவன் கையில் யாரும் தர மாட்டார்கள். அவனுக்காகக் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு எதைப் பிடித்து வேலை செய்வார் இந்த மனுஷன்? இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர், எங்கள் இரண்டு பேர் மேலேயும் அலமாரி சாய்ந்துவிட்டது என்றார். கழுத்தில் என்ன சூடு என்று தம்பியைக் கேட்டார் போலீஸ்காரர். பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபோது சைலன்சரில் சுட்டுக்கொண்டேன் என்றான். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிவிட்டார்.

ஆறு வாரம் கழித்துக் கையின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். விரல் இரண்டும் மடங்கவில்லை. அன்று சாயங்காலம் தம்பி வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன்.

"வீட்டுல நானும் புல்ல நிறுத்திப் பாத்தேன் மாமா. எல்லாரும் அனாதைப் பொணமாட்டம் கெடக்கானுங்க. ஒருத்தனையும் சுட மனசு வரல."

இவர் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவன் போன பிறகு கேட்டேன், அன்றைக்கு ஏன் அவனைக் காப்பாற்றினீர்கள் என்று. என் முகத்துக்காக என்று சொல்வார் என நினைத்திருந்தேன்.

"இந்த அடி மட்டும் நானா கேட்டு வாங்குனது. கேம்ல செவப்புத் தொப்பி போட்டவன் அவன் ஒருத்தன்தான். தூரத்துலயே தெரிஞ்சுடும். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுக் காலை ஆட்டிக்கிட்டுப் படுத்திருப்பான். உடனே சுட மாட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் சுடுவேன். நல்லா இருந்துச்சுடி."

எத்தனையோ பேரிடம் அடி வாங்கிய மனுஷன் என்றுதான் இத்தனை வருஷமும் இவரோடு குடித்தனம் நடத்தினேன். அன்றுதான் முதல் தடவையாக இவரைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.