வாசிக்க ஏலாத பெட்டிசம்

யாழ்ப்பாணக் கச்சேரியிலை, அரசாங்க அதிபரின்ரை கந்தோரிலை, பதினொரு வருசம் கிளாக்கராய் இருந்தனான். எழுபதுகளின்ரை நடுவிலை மெல்பேர்னுக்கு வந்து இறங்கேக்கை அந்தப் பதினொரு வருசத்தையும் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிஞ்சன். அதைப் பாத்துத்தான் பழைய கடதாசியளைக் காக்கிற ஒரு அரசாங்கக் கந்தோரிலை, நிலத்துக்குக் கீழை இருக்கிற அறையிலை, எனக்கு வேலை தந்தாங்கள்.

நூறு வருசத்துக்கு முந்தி, இந்த இடம் இங்கிலாந்தின்ரை குடியேற்றமாய் இருந்த காலத்திலை, சனம் பாராளுமன்றத்துக்கு எழுதின பெட்டிசங்கள், அதுதான் மனுக்கள், அங்கை கட்டுக்கட்டாய்க் கிடந்தது. ஆர் எழுதினது, என்ன கேட்டது எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு அட்டை எழுதி அடுக்கிறதுதான் என்ரை வேலை.

முதல் கிழமை கையிலை வந்தது ஒண்டு. பாலம் கட்டேக்கை விழுந்து செத்த ஒரு கொத்தனின்ரை பெண்சாதி, மூண்டு பிள்ளையளோடை நிக்கிறன் எண்டு கெஞ்சி எழுதியிருக்கிறாள். சபையிலை ஒரு உறுப்பினர் எழும்பி, இன்னார் இன்னதைக் கேக்கினம் எண்டு ரெண்டு வரி சொல்லுவார். 'மேசையிலை வைக்கப்படுக' எண்டு உத்தரவு வரும். அவ்வளவுதான். மேசையிலை இருந்து பைக்குள்ளை, பைக்குள்ளை இருந்து கிடங்குக்குள்ளை. அவளின்ரை பெட்டிசத்திலையும் அதே வரிதான். அதுக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் எண்டு ஒரு எழுத்தும் இல்லை. தூ! இதுக்கு ஒரு பாராளுமன்றம்!

மேசைக்குப் போறதுக்கே ஆயிரம் சட்டம். பணிவான சொல்லிலை தொடங்கவேணும், பிரார்த்திச்சு முடிக்கவேணும், கோரிக்கை எழுதின அதே தாளிலை ஒரு கையெழுத்தாவது கிடக்கவேணும். ஒண்டு பிசகினாலும் ஓரத்திலை 'ஏற்கப்படவில்லை' எண்டு எழுதி எறிஞ்சிருக்கிறாங்கள். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான் எண்டு எங்கடை சனம் சொல்லும். இஞ்சை சாமியும் குடுக்கேல்லை.

எங்கடை மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனுசன், காலமையிலை தானே தேத்தண்ணி போட்டுத் தருவார். அவர் எனக்குச் சொன்னது இதுதான்: ஏற்ற பெட்டிசத்துக்கு அட்டை எழுது. ஏற்காதது பாராளுமன்றத்துக்கு வந்ததாய்க் கணக்கில்லை, அதை மூலையிலை இருக்கிற சாக்குக்குள்ளை போடு, வெள்ளிக்கிழமை கடதாசிக் கூழாய் அரைக்கப் போகும். யோசினையாய் இருந்தால் என்னைக் கேள்.

ஒருநாள் ஒரு பெட்டிசம் கையிலை வந்தது. ஆத்தங்கரையிலை மரக்கறித் தோட்டம் செய்த சீனர்கள், தங்களை அந்த நிலத்தாலை எழுப்பவேண்டாம் எண்டு கேட்டது. மேலை நாலு வரி இங்கிலிசு. பேருகள் கீழை அடுத்த மடிப்புக்குள்ளை. ஓரத்திலை 'பெயர்கள் சீன எழுத்தில், வாசிக்க இயலாது, ஏற்கப்படவில்லை' எண்டு கிடந்தது. ஒரு மடிப்பைத்தான் விரிச்சனான். திரும்ப மடிச்சுச் சாக்குக்குள்ளை போட்டன். மேலாளரையும் கேக்கேல்லை.

எனக்கென்ன யோசினை? கச்சேரியிலை பதினொரு வருசமும் செய்தது இதுதானே. இங்கிலிசிலை வந்த பெட்டிசத்துக்கு நம்பர் போடுவன். தமிழிலை வந்ததை, என்ரை தாய்மொழியிலை வந்ததை, நூலாலை கட்டி அலுமாரிக்கு மேலை எறிஞ்சு விடுவன். வெள்ளைக்காரன் போய் எத்தினையோ வருசத்துக்குப் பிறகும் அப்பிடித்தான். அது எனக்குப் பெருமையாயும் இருந்தது. வெக்கங்கெட்ட பெருமை.

மூண்டு கிழமை கழிச்சு, பழைய பெட்டிசம் ஒண்டைத் தேடி ஒரு ஆள் வந்திருக்குது எண்டு என்னை மேலை கூப்பிட்டினம். ஒரு பொம்பிளை, நாப்பது வயது மதிக்கலாம், சீனத்து முகம், பேச்சு அசல் அவுஸ்திரேலியா. சந்தையிலை மரக்கறிக் கடை வைச்சிருக்கிறாவாம். தேப்பன் ஆஸ்பத்திரியிலை, இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கிறாராம். அவருக்கு ஒரே ஒரு ஆசை. தன்ரை தேப்பன்ரை கல்லறையிலை ஆரோ வெள்ளைக்காரன் காதிலை விழுந்தபடி வெட்டின பேர்தான் கிடக்குதாம். சரியான பேரைச் சீன எழுத்திலை வெட்டவேணுமாம். ஆனால் அந்த எழுத்து எது எண்டு வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. அவவின்ரை அப்பப்பா தன்ரை கையாலை எழுதினது ஒண்டே ஒண்டுதான் எண்டு குடும்பத்திலை கதையாம்.

"ஆத்தங்கரை நிலத்துக்காகக் குடுத்த பெட்டிசத்திலை அவர் கையெழுத்து வைச்சவர்" எண்டா.

மூண்டு கிழமைக்கு முந்தி நான் சாக்குக்குள்ளை போட்டது அதுதான். ஆனால் வாய் தன்ரை பழக்கத்திலை சொல்லிச்சு: "அப்பிடி ஒரு பதிவும் எங்களிட்டை இல்லை, மேடம்."

பதிவு இல்லைத்தான். அட்டை எழுதினால்தானே பதிவு. சீ, அந்த மறுமொழியின்ரை லெட்சணத்தைப் பாருங்கோ! அந்த மனுசி, எதுக்கும் இருக்கட்டும் எண்டு தன்ரை கடை ரெலிபோன் நம்பரை எழுதித் தந்திட்டுப் போனா.

பின்னேரம் வீட்டுக் குசினிக்குள்ளை நிண்டு என்ரை மனுசிக்குச் சொன்னன். அவள் அரிஞ்ச வெங்காயத்தை விட்டிட்டு நிமிந்து பாத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு நெஞ்சோ கல்லோ? சாகக் கிடக்கிற மனுசன் கேக்கிறது தேப்பன்ரை பேரை. பொய்யையும் சொல்லிப் போட்டு வந்து சோறு கேக்கிறியள்?"

"உத்தரவு அப்பிடியெல்லே."

"உத்தரவும் மண்ணாங்கட்டியும்! யோசினையாய் இருந்தால் கேள் எண்டுதானே உங்கடை மேலாளர் சொன்னவர். நாளைக்கு ரெலிபோன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் கடைக்கு ரெலிபோன் எடுத்தன். பெட்டிசம் இருந்தது, நான்தான் எறிஞ்சனான், அரைச்சாச்சு எண்டு சொன்னன். கத்துவா, ஏசுவா எண்டு காத்துக்கொண்டு நிண்டன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாய் இருந்திருக்கும். கடையிலை ஆரோ தக்காளி விலை கூவிறது கேட்டுது.

"அப்ப நீங்கள் அதைப் பாத்தனீங்கள்?" எண்டு கேட்டா.

"ஓம்."

"எழுத்துகள் அழகாய், வடிவாய் இருந்ததோ?"

"ஓம். நல்ல வடிவு."

"தாங்க் யூ" எண்டா. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறன். அப்பப்பான்ரை எழுத்து நல்ல வடிவாம் எண்டு அப்பாவுக்குச் சொல்லுறன்."

நான் பாக்கேல்லை. வாசிக்க ஏலாது எண்டு கண்ட உடனை மடிச்சுப் போட்டனான். அந்தத் தாளிலை ஒரு பேரைக்கூட நான் பாக்கேல்லை.