அத்தையின் பைபிள் பை

எங்கள் வீட்டில் திருட்டு நடக்கிறது என்பதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. திருடியவள் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அக்கா. திருடிய இடம் ஜெபக் கூட்டம்.

தளவாய்புரத்தில் நாங்கள் இருந்தது அத்தையும் அப்பாவும் பிறந்து வளர்ந்த வீடு. அத்தை வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராணுவத்தில் இருந்த மாமா இறந்தபிறகு அங்கே தனியாக இருந்தாள். ஆள் ஒல்லி. காற்றடிக்கிற நாளில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா கேலி செய்வாள். வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு அப்பா எடுத்துக் கொடுக்கிற சேலையைத்தான் எங்கே போனாலும் உடுத்துவாள். "என் தம்பி எடுத்தது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டி தைத்தாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். ஊரில் அவருக்குத் தங்கமான மனிதர் என்று பெயர். சபையில் தோரணம் கட்டுவதிலிருந்து சவப்பெட்டி தூக்குவதுவரை முதல் ஆளாக நிற்பார். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். குழம்பில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. யாராவது கேட்டால் அம்மா பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பாள். என்னையும் அப்படியே சொல்லப் பழக்கியிருந்தாள். எங்கள் பாத்ரூமைப் போல வழுக்குகிற தரை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அந்த வருஷம் அது அம்மாவின் இடது மணிக்கட்டை உடைத்தது.

ஊரிலிருந்து வந்த அத்தை, மாவுக்கட்டைப் பார்த்தும் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"அம்மைக்கு என்னட்டி ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டு, அத்தை" என்றேன், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற வேகத்தில். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிப்போனது. குடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, பெண்கள் சங்கத்து ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அது முறை வைத்து வீடு வீடாக நடப்பது. ஒரு வீட்டில் நடந்தால் மறுபடி வர மாதக்கணக்காகும். ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமையும் எங்கள் வீட்டில்தான். அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு வாரமும் அத்தை பஸ் ஏறி வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் பரிசுத்தம் மிகுதி போலும் என்று நான் பெருமையாகத் திரிந்தேன். ஜெபம் வேண்டாம் என்று சொன்னால் சபையில் பெயர் கெடும் என்பதால் அப்பாவாலும் தடுக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கைகூப்பி உள்ளே அனுப்புவார். சனிக்கிழமை பார்ப்பார்களே என்று வெள்ளிக்கிழமை அவர் கை அடங்கியிருக்கும்.

ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். ஆளுக்கொரு ஜிப் வைத்த பைபிள் பை. வரும்போது தட்டையாக இருக்கிற பை, போகும்போது புடைத்திருக்கும். இரண்டாம் வாரம் நான் அதன் காரணத்தைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அத்தை பூனைபோல் எழுந்து பீரோவைத் திறந்தாள். அம்மாவின் சேலைகளில் இரண்டை எடுத்துப் பக்கத்துப் பெண்ணின் பையில் திணித்தாள். வாய் மட்டும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா பாவம், இறுக்கக் கண்ணை மூடியிருந்தாள். அடுத்த வாரம் ரேஷன் கார்டு போனது. அதற்கடுத்த வாரம் அம்மாவின் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டும் என் பிறப்புச் சான்றிதழும் போயின.

யாரிடம் சொல்வது? சொன்னால், ஜெபத்தில் நீ ஏன் கண்ணைத் திறந்தாய் என்று கேட்பார்களே! திருட்டைவிட அது பெரிய பாவம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். ஐந்தாம் வாரம் என் நீலக் கிறிஸ்துமஸ் கவுன் போனது. அதைப் பொறுக்க முடியவில்லை.

ஆறாவது சனிக்கிழமை அம்மாவின் மாவுக்கட்டு அவிழ்ந்திருந்தது. கூட்டத்தின் கடைசியில் பிள்ளைகள் ஒரு சின்ன ஜெபம் செய்வது வழக்கம். என் முறை வந்தது. எழுந்து கண்ணை மூடி, உரத்த குரலில் ஜெபித்தேன்.

"ஆண்டவரே, எங்க அத்தை எங்க பீரோவுல இருந்து சாமானெல்லாம் எடுக்காங்க. அவங்களை மன்னியும். என் நீலக் கவுனைத் திரும்பத் தாரும். ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. வாசலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

அப்பா நேராக வந்து பீரோவைத் திறந்தார். அம்மாவின் தட்டு காலியாக இருந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் வாயால் அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் அப்போது புரிந்தது. அப்பா கையை ஓங்கினார்.

அத்தை நடுவில் வந்து நின்றாள். அப்பாவின் தோளுக்குக்கூட எட்டாத உயரம்.

"விலகுக்கா. இவ கழுத்துல தாலி கட்டுனவன் நான்."

"நீ போட்டது ஒத்த முடிச்சுலே. மத்த ரெண்டையும் நாத்தனாரா நின்னு நான் போட்டேன். போட்ட கைதான் இப்பக் கூட்டிட்டுப் போகுது."

அப்பாவின் கை ஓங்கியபடியே நின்றது. அத்தை குரலை உயர்த்தவில்லை. "நம்ம அம்மை கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னது நான்தாம்லே. எனக்கும் அப்ப ஒம்போது வயசு. இன்னைக்கு உன் மவ அதையே சொல்லுதா. போதும்லே தம்பி."

ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அடிக்காமல் அது இறங்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. செங்கடல் பிளந்ததை நேரில் பார்த்திருந்தாலும் அவ்வளவு வியந்திருக்க மாட்டேன். உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அம்மாவையும் என்னையும் சுற்றி நின்றார்கள். இரண்டு பேர் தையல் மிஷினின் தலையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத, அக்கா" என்றார் அப்பா.

"சரிலே" என்றாள் அத்தை. போகும்போது வாசல் நிலையை ஒருமுறை கையால் தொட்டாள். பஸ் போய்விடுமே என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

வெயில் தாழாத தெருவில், எல்லோரும் பார்க்க, பாட்டுப் பாடிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். ஓலை இல்லாத குருத்தோலை ஞாயிறு ஊர்வலம். நான் நடுவில், ராஜாத்தி மாதிரி. வாசல்களில் நின்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கூந்தல் முடிந்தபடி இறங்கிவந்து, இரண்டு வீடு தள்ளும்வரை எங்களோடு நடந்தாள். இந்தப் பெண்கள் நினைத்தால் எதையும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ராஜபாளையத்தில் பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. முன் இருக்கையில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, என் அப்பா எடுத்துக் கொடுத்த சேலையின் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய காரியம் செய்தவள் ஏன் அழ வேண்டும்? என் ஜெபத்தில் திருடி என்று சொன்னதற்காகத்தான் என்று முடிவு செய்தேன். எக்கி அவள் காதில் சொன்னேன்.

"அழாதீங்க அத்தை, ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு."

அழுகையோடு சிரித்துவிட்டாள். தன் பைபிள் பையிலிருந்து என் நீலக் கவுனை எடுத்து மடியில் போட்டாள். அத்தோடு எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அத்தைக்குச் சேலை வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் வரவில்லை. அந்தப் பஸ்ஸில் வீட்டை விட்டு வந்தது நானும் அம்மாவும் மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.