முதுகுக்குக் கீழே வைத்த ஜெபத்துணி

1993 ஜூலையில் என் வீட்டுக்காரர் ஆவடியில் கூரை வேலை செய்யும்போது ஷீட் உடைந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வேப்பம்பட்டு வீட்டுக்குத் தூக்கிவந்து படுக்க வைத்தோம். நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். சின்ன விஷயத்துக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை எப்படித் தாங்குவேன்?

சபையின் சகோதரிகள் ஒரு வெள்ளைத் துணியில் தடித்த நூலால் சிலுவை எம்பிராய்டரி போட்டு, பாஸ்டரை அதன்மேல் ஜெபிக்கச் சொல்லி வாங்கித் தந்தார்கள். நான் அதை நாலாக மடித்து, அவர் முதுகெலும்பு முடிகிற இடத்தில் விரிப்புக்கு அடியில் வைத்தேன். அடிபட்ட இடம் அதுதானே என்று நினைத்தேன். ஒரு நாளும் எடுக்கவில்லை.

செப்டம்பரில் அந்த இடம் சிவந்தது. பிறகு கறுத்தது. பிறகு தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. எலும்பு வரைக்கும் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நான் துணியை இன்னும் சரியாக நகர்த்தி வைத்து அழுது ஜெபித்தேன்.

பக்கத்து வீட்டு கௌரி அக்கா பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கும் ஆயா. நம் சபை அல்ல. உடம்பு துடைக்க உதவிக்கு வந்த அக்கா துணியை வெளியே இழுத்தார்கள்.

"இன்னா தங்கச்சி இது? கல்லு மாரி கீது! அண்ணனுக்கு அங்க உணர்ச்சியே இல்ல. அமுக்குனா எப்டி தெரியும்?"

"ஐயோ எடுக்காதக்கா, ஜெபம் பண்ணது. எடுத்தா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்."

வீட்டுக்காரர் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சிலுவைய சொமக்க சொன்னா சொமக்கறேன்மே. அதும்மேலயே படுக்க சொல்றியே!"

புண்ணையும் சிலுவையின் தடித்த நூலையும் மாறிமாறிப் பார்த்தேன். துணியை எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். "ஆண்டவரே, துணியால் தப்புச் செய்தேன். துணியாலேயே வழி காட்டும்" என்று கேட்டேன்.

மறுநாள் அம்பத்தூரில் நான் ஆடைகளில் நூல் பிசிறு வெட்டுகிற ஏற்றுமதி கம்பெனியில், வேண்டாம் என்று திரும்பிவந்த சாம்பிள் துணி ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு பின்னல் துணிக்கு நடுவே நூலை நெருக்கமாக நிறுத்தி வைத்தது போல் இருந்தது. அமுக்கினேன். எழும்பியது. ஊதினேன். காற்று மறுபக்கம் போனது. கை அதை விடவில்லை. சூப்பர்வைசர், "இன்னாமா பாத்துகினே கீறே? வேஸ்டுக்குத்தான் போவுது, எடுத்துகினு போ" என்றார். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் துணியை, தையல் உடம்பில் படாமல், சுருக்கமில்லாமல், பஞ்சு மெத்தைமேல் விரிக்கச் சொன்னார்கள் அக்கா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் அக்கா, மற்ற நேரம் நான். என் இடுப்பு ஒடிந்தது. டாக்டர் கொடுத்த மருந்தும் வைத்தோம். மார்ச்சில் புண் மூடி, புதுத்தோல் வந்தது.

அவர் இன்னும் நடக்கவில்லை. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது காலையில் ஜெபிக்குமுன் உள்ளங்கையால் அவர் விரிப்பைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு சுருக்கம் இருந்தாலும் நீவிவிட்டுத்தான் முழங்கால் போடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருந்தால் சோர்ந்துபோகாமல் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். கேட்டு முடித்த கையோடு, அவர்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பாருங்கள்.